வெளிப்பக்கம் என்று காட்டிய சுவர்

பலாபத்வலையைத் தாண்டி, யாழ்ப்பாணம் போகும் பெரிய வீதியோரம் இருக்கும் அந்தப் பள்ளிவாசலுக்கு ஏசி பூட்டியபோது, கதவுத் திரைகளைத் தைத்துக் கொடுத்தவள் முனவ்வராதான். உள்ளே இருக்கும் குளிர் வெளியே ஓடிவிடக் கூடாதென்று கனத்த துணியாகப் பார்த்து வாங்கி, மடித்து அடித்து, தரையைத் தொடும்படி தைத்தாள். கூலி வேண்டாம் என்றுவிட்டாள். அல்லாஹ்வின் வீட்டுக்குத் தன்னால் ஆன கைவேலை என்று அன்று அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. அதை இப்போது நினைத்தாலும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும். தன்னை வேகவைக்கப் போகிறவர்களுக்குத் தானே திரை தைத்துக் கொடுத்த மடைச்சி இந்த மாத்தளையிலேயே வேறு யாராவது இருப்பாளா?

முனவ்வரா யட்டவத்தையில் பிறந்தவள். ஆட்டோ ஓட்டும் யஹ்யாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். பள்ளிக்குப் பக்கத்துக் கடையறையில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அபாயாவும் ஸ்கூல் சீருடையும் தைக்கிறாள். வாய்க்காரி என்று ஊரில் பெயர். உண்மையில் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒன்றைக் கேட்டுப் பதில் வராவிட்டால் திரும்பவும் கேட்பாள், அவ்வளவுதான். ஒரு பெண் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் அவள் வாய்க்காரி. இதே வேலையை ஆண் செய்தால் அவர் விஷயத்தில் உறுதியானவர்.

பெண்கள் தொழும் அறை அந்தப் பள்ளிக்கு வந்ததே அவள் அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான். கல்யாணமான புதிதில் அவளுடைய உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப் போவாள். வரும் வழியில், மதியம் தொழும் லுஹர் நேரம் தப்பிக்கொண்டிருக்கும். ஆண்களுக்கு வழிநெடுகப் பள்ளி. பெண்களுக்கு வழிநெடுக வழி மட்டும்தான். ஒருநாள் சாப்பாட்டுக் கடையொன்றின் பின்பக்கம், கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே, நோயாளி உம்மாவை நிறுத்தித் தொழவைத்தாள். கடைப் பையன்கள் தட்டும் கோப்பையுமாகக் குறுக்கே போய் வந்தார்கள். அன்று பஸ்ஸில் ஏறியதும் முடிவெடுத்தாள், இனி தன் ஊர் வழியாகப் போகிற எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேவலம் வரக் கூடாதென்று.

அப்போதுதான் அன்ஸார் ஹாஜியார் பள்ளி நிர்வாகத்தின் தலைவராக வந்திருந்தார். அவரிடம் நேரே போய்ச் சொல்ல வழி இல்லை. அவருடைய மனைவி மஸீஹாவிடம் சொன்னாள். மஸீஹா சிரித்த முகம், ஆனால் பிடித்தால் விடாத ஆள். வீட்டில் சோறு போடும்போதும் சொன்னாள், தேத்தண்ணி கொடுக்கும்போதும் சொன்னாள். கடைசியில் ஹாஜியார், பள்ளியின் வடக்குப் பக்கம் நோன்புக் கஞ்சிக்கு விறகு அடுக்கும் கொட்டிலைப் பெண்களுக்குக் கொடுத்தார். மஸீஹாவும் முனவ்வராவும் ஊர்ப் பெண்கள் சிலரும் மண் சுமந்து, சீமெந்து குழைத்து, சுண்ணாம்பு அடித்து அதை அறையாக்கினார்கள். தகரக் கூரை. பள்ளிச் சுவரைப் பார்த்தபடி மூன்று ஜன்னல். இரண்டு சுவருக்கும் இடையில் ஒரு ஆள் போகக்கூடிய ஒழுங்கை. மற்றப் பக்கமெல்லாம் மண்மேடு, அதனால் அறைக்குள் வருகிற காற்றெல்லாம் அந்த ஒழுங்கை வழியாகத்தான் வரவேண்டும்.

வந்தது. அந்த அறை பிழைத்தது. தம்புள்ளை மார்க்கட்டுக்குப் போகிறவர்கள், கிளினிக் போய்த் திரும்புகிறவர்கள், அலுவிகாரைப் பக்கம் படிப்பிக்கப் போகும் டீச்சர்மார் என்று லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் எப்போதும் ஆள் இருந்தது. கூட்டுவது, பாய் தட்டுவது, தொழுகை உடுப்புகளைக் கழுவிக் காயப்போடுவது எல்லாம் முனவ்வராவின் வேலை. யாரும் அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் மஸீஹா மௌத்தானாள். பள்ளியின் தெற்குப் பக்க மையவாடியில், சுவருக்குக் கிட்டவே, பலா மர நிழலில் அவளை அடக்கினார்கள். ஹாஜியார் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போய் நின்று துஆ ஓதுவார். மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஏசி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். பங்குனி வெயிலில் ஆண்கள் சட்டை நனைய நனையத் தொழுதது உண்மை. அவர்களுக்குக் குளிர் வந்ததில் முனவ்வராவுக்கு ஒரு பொறாமையும் இல்லை. கழற்றிய பழைய சீலிங் ஃபேன்களில் ஒன்றைப் பெண்கள் அறைக்குத் தாருங்கள் என்று மட்டும் யஹ்யாவிடம் சொல்லியனுப்பினாள். அது பள்ளியின் வக்பு சாமான், இடம் மாற்றுவதென்றால் நிர்வாகம் கூடிப் பேசவேண்டும் என்று பதில் வந்தது. அல்லாஹ்வுக்காகக் கொடுத்த ஃபேனுக்கு அல்லாஹ்வைத் தொழுகிற பெண்கள்மேல் காற்று வீச அனுமதி வேண்டுமாம்.

ஏசி போட்ட முதல் நாள் லுஹருக்கு அவள் அறைக்குள் கால் வைத்ததும் திரும்பி வெளியே வந்துவிட்டாள். எங்கேயோ தீப்பிடித்து எரிகிறதென்றே நினைத்தாள். பிறகுதான் கண்டாள். பள்ளிச் சுவரில், அறையின் மூன்று ஜன்னலுக்கும் நேர் எதிரே, ஏசியின் வெளிப் பெட்டிகள் வரிசையாகப் பூட்டியிருந்தன. உள்ளே ஆண்களிடமிருந்து உறிஞ்சிய சூட்டையெல்லாம் அவை ஜன்னல் வழியாகப் பெண்கள்மேல் கக்கிக்கொண்டிருந்தன. சத்தத்தில் இமாம் அல்லாஹு அக்பர் என்று சொல்லும் தக்பீர்கூடக் கேட்கவில்லை. ஏற்கெனவே காய்ந்த தகரம் மேலே. எதிரே இந்த அனல். பாயில் நெற்றியை வைத்தால் பாயே சுட்டது.

யஹ்யா மூலம் சொல்லியனுப்பினாள். ஜன்னலை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடினாள், மூச்சு முட்டியது. திரும்பச் சொல்லியனுப்பினாள். சபூர் செய்யச் சொன்னார்கள், பொறுமையாக இருக்கவேண்டுமாம். சபூர் நல்ல சொல்தான், மறுமையில் அதற்குக் கூலியும் உண்டுதான். ஆனால் அந்தச் சொல் எப்போதும் குளிரான பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு மட்டுமே வருகிறதே, அதுதான் அவள் வயிற்றை எரித்தது.

நிஷ்மியா என்று ஒரு டீச்சர். முனவ்வராவைத் தாத்தா என்று கூப்பிடுவாள். இங்கே மூத்த சகோதரிக்குத்தான் அந்தச் சொல். ஏழு மாதக் கர்ப்பிணி. ஸ்கூல் விட்டு வந்து தொழுதவள் ருக்கூவிலிருந்து நிமிரும்போது அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தாள். முனவ்வரா அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அடுத்த நாளிலிருந்து நிஷ்மியா வரவில்லை. பஸ்ஸில் வரும் பெண்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அந்த அறையில் முனவ்வரா மட்டும்தான் நின்றாள். விட்டுக் கொடுக்கக் கூடாதென்ற ரோசத்தில் நின்றாள்.

ஏசி வேலை செய்த விஜேந்திரன் மாத்தளை டவுன் ஆள். சர்விஸ் பண்ண வந்தபோது முனவ்வரா மெஷினை விட்டு எழுந்து போய், எந்த அறிவில் இங்கே பூட்டினாய் என்று கேட்டாள். பாவம், அவன் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“நான் கேட்டேங்க அக்கா, வெளிப்பக்கம் எதுன்னு. இந்தச் சுவரத்தான் காட்டினாங்க.”

இது ஆள் நின்று தொழுகிற இடம், இது எப்படி வெளிப்பக்கமாகும் என்று கேட்டாள்.

“பொம்பளைங்க எடந்தானே, பள்ளிக்கு வெளிதான்னு சொன்னாங்க.”

அவன் தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னான். முன்பக்கம் வேண்டாம், வீதியில் போகிறவர்களுக்குப் பள்ளியின் அழகு கெட்டுவிடும் என்றார்களாம். மேற்கே அடுத்தவர் காணி. தெற்கே மையவாடிப் பக்கம் பூட்டலாமென்று இவன் சொன்னபோது அன்ஸார் ஹாஜியார் ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். அங்கே மனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள், அவர்கள்மேல் அனல் அடிப்பது மரியாதை இல்லை என்றாராம். தான் சொன்னதாக யாரிடமும் சொல்லவேண்டாம், வேலை போய்விடும் என்று விஜேந்திரன் கேட்டுக்கொண்டான்.

முனவ்வரா திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கால் மிதிக்கவில்லை. வெளி. அவள் மண் சுமந்த அறை, கூட்டிய அறை, உம்மாவுக்காக அழுது ஓதிய அறை, பள்ளிக்கு வெளி. அழகுக்கு யோசித்திருக்கிறார்கள். அடுத்தவன் காணிக்கு யோசித்திருக்கிறார்கள். மௌத்தானவர்களுக்குக்கூட யோசித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் யோசித்து முடித்த பிறகு மிஞ்சிய சுவரில் பெட்டியை அறைந்திருக்கிறார்கள்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. லுஹருக்குப் போனவள் அறைக்குள் கால் வைக்க இடமில்லாமல் நின்றாள். பழைய சீலிங் ஃபேன்கள் வந்திருந்தன. இறக்கைகளைக் கழற்றி, கயிற்றால் கட்டி, பாய்களின்மேல் அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் சுருட்டிய பழைய கார்ப்பட். விசாரித்தபோது நிர்வாகச் செயலாளர் ஸஜ்ஜாத், பெண்கள்தான் இப்போது வருவதில்லையே, அறை சும்மா கிடக்கிறது, இனி அதை ஸ்டோராக வைத்துக்கொள்ளலாமென்று நிர்வாகம் யோசிக்கிறது என்றார். அவியவைத்து விரட்டியதும் இவர்கள், ஆள் வரவில்லை என்று சொல்வதும் இவர்கள். கேட்ட ஃபேனும் கடைசியில் வந்துவிட்டதே, குப்பையாக.

இனி யஹ்யா மூலம் ஒன்றும் போகாது என்று முடிவெடுத்தாள். போகவேண்டாம், ஊர் பேசும் என்று யஹ்யா சொல்லிப் பார்த்தான். ஊர் பேசட்டும், நானும் ஊர்தானே என்றாள். அஸர் முடிந்ததும் பள்ளி ஒஃபிசுக்கு நடந்தாள். யஹ்யாவும் பின்னாலேயே வந்தான். உள்ளே ஹாஜியாரும் ஸஜ்ஜாத்தும் இன்னும் சிலரும் இருந்தார்கள். சலாம் சொல்லி வாசலிலேயே நின்றாள். ஹாஜியார் தன்மையாகத்தான் பேசினார். பெண்கள் வீட்டில் தொழுவதுதான் சிறப்பு, மகள், என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசவில்லை. அவர் முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

“ஹாஜியார், மையவாடிப் பக்கம் சூட்டுக் காத்து படக் கூடாதுன்னு சொல்லீக்கிறீங்க. சரி. மய்யித்துக்கு மரியாதை செய்யத்தான் வேணும். அப்ப இந்தப் பள்ளியில சூடு படாத எடம் எங்களுக்கு வேணும்னா, நாங்க மௌத்தாகித்தான் வரணுமா?”

ஸஜ்ஜாத் எழுந்து, வார்த்தையைப் பார்த்துப் பேசச் சொன்னார். முனவ்வரா அவர் பக்கம் திரும்பவே இல்லை, விஜேந்திரன் பெயரையும் எடுக்கவில்லை.

“மஸீஹா தாத்தா அந்தச் சுவருக்குக் கிட்டத்தான் ஈக்கிறா. அவக்கு அனல் படக் கூடாதுன்னு பாக்கிறீங்க, நல்லது. ஆனா அவ உசிரோட ஈந்தா, இண்டக்கி லுஹருக்கு எங்க நிண்டு தொழுவா? அதயும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

ஹாஜியார் மேசையைப் பார்த்தபடி இருந்தார். முனவ்வரா சலாம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் லுஹருக்குக் கொஞ்சம் முன்னால், கடையறையிலிருந்து பார்த்தாள். ஹாஜியார் தனியாக அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தார். ஏசி இரைந்துகொண்டிருந்தது. பெண்கள் அறைக்குள் போனவர் உடனே வரவில்லை. பாங்கு சொல்லி, ஜமாஅத் தொடங்கி, தொழுகையும் முடிந்தது. பிறகுதான் வந்தார். வெள்ளை ஜுப்பா உடம்போடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தார். பிறகு ஒஃபிஸ் பக்கம் நடந்தார்.

அடுத்த கிழமை விஜேந்திரன் ஏணியோடு வந்தான். பெட்டிகள் எல்லாம் முன்பக்கச் சுவருக்குப் போயின, வீதியைப் பார்த்தபடி, வாசல் வளைவுக்கு இரண்டு பக்கமும். அழகு கெட்டதுதான். கெட்டாலும் பள்ளி இடிந்து விழவில்லை. ஒரு பஸ்ஸும் நின்று பார்க்கவில்லை. பழைய ஃபேன்களில் இரண்டைப் பெண்கள் அறையில் பூட்டினார்கள். வக்பு சட்டம் அதற்குள் எப்படியோ இளகியிருந்தது. வாசலுக்கு மேலே ஒரு புதுப் பலகையும் வந்தது: மர்ஹூமா மஸீஹா நினைவுப் பெண்கள் தொழுகை அறை.

ஊரெல்லாம் ஹாஜியாரைப் புகழ்ந்தது. மௌத்தான மனைவிமேல் இத்தனை பாசமா என்று பெண்களே கண் கலங்கினார்கள். நிஷ்மியா கைக்குழந்தையோடு மறுபடி தொழ வந்த அன்று பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எவ்வளவு நல்ல காரியம் தாத்தா என்றாள். முனவ்வரா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். ஒழுங்கையிலிருந்து காற்று வந்தது. மஸீஹாவின் பெயர் அங்கே இருக்கவேண்டிய பெயர்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் எரிந்தது அணையவில்லை.

“நல்லதுதான். ஆனா உசிரோட ஈக்கிற ஒருத்தி சொன்னதுக்காக ஒருத்தரும் ஏணி வெக்கல்லயே.”

முனவ்வரா குழந்தையை வாங்கி ஃபேனுக்குக் கீழே பாயில் கிடத்தினாள். பிறகு இருவரும் தோளோடு தோள் சேர்ந்து தொழுகைக்கு நின்றார்கள். இமாமின் தக்பீர் இந்தத் தடவை கேட்டது.