பூஜையில் வைத்த ஸ்பேனர்

பூட்டிக் கிடக்கும் கம்பெனியைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அதற்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் எல்லாம் நிழல் தேடி உட்கார, நான் ஏதாவது ஒரு துருப்பிடித்த கேட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டிருப்பேன். டைம் ஆபீஸ் ஜன்னலைப் பிளந்து வளர்ந்த அரசங்கன்று, கேன்டீன் தொட்டியில் குட்டி போட்ட நாய், சுவரில் இன்னும் அழியாத ‘பாதுகாப்பே முதல்’, எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். “பேய் பிடிச்சிக்கினு வரப் போற” என்பார்கள். பிடித்தால் அதனிடமும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஒரு ஷெட்டுக்குள் மட்டும் காரணத்தோடு போனேன். என் வீட்டுக்காரர் ஃபிட்டராக இருந்த கம்பெனி அது. ஒரு ஆயுத பூஜையன்று எல்லோரும் அவரவர் சாமானைச் சாமி மேசையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பொரி பொட்டலத்தோடு வீடு திரும்பினார்கள். மறுபூஜை போட்டு எடுக்கலாம் என்று அடுத்த நாள் போனால் கேட்டில் பூட்டு. அன்றிலிருந்து அவர் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். வேறு கம்பெனிக்குப் போகச் சொன்னால், “பூஜையில வெச்சத எடுக்காம வேற ஸ்பேனரத் தொடச் சொல்றியா?” என்பார். இவ்வளவு பெரிய ஃபிட்டர், ஆட்டோ ரிப்பேரானால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்! மறுபடி ஒரு கம்பெனி மூடிவிடுமோ என்று பயந்து சொல்லும் சாக்கு என்றே நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அந்த மேசை அங்கே இருக்குமா என்ன?

வாட்ச்மேன் முதலில் விடவில்லை. “உள்ள இன்னா கீது? தூசிதான் கீது” என்றார். என் டிபன் பாக்ஸில் இருந்த கருவாட்டுக் குழம்பு அவர் மனதை மாற்றியது.

உள்ளே ஒரு மிஷின்கூட இல்லை. அவை நின்றிருந்த கான்கிரீட் மேடைகளில் போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மூலையில் மேசை! மற்றதையெல்லாம் கழற்றிக்கொண்டு போனவர்கள் அதைத் தொடப் பயந்திருக்க வேண்டும். படம் வெளுத்து எந்தச் சாமி என்றே தெரியவில்லை. மாலையில் நார்தான் மிச்சம். அதன் முன்னால் சுத்தியல், ரம்பம், ஸ்பேனர் என்று வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம். பச்சை டேப் சுற்றியது அவருடையது. எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வைத்தவர்தான் எடுக்க வேண்டும். அந்த மனுஷன் சாக்குச் சொல்லவில்லை என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன் போட்டேன். “இன்னாங்க, உங்க ஸ்பேனர் இங்கியேதான் கீது. கற்பூரம் வாங்கிக்கினு வாங்க.”

கால் மணி நேரத்தில் ஆட்டோ கேட்டில் வந்து நின்றது.

சவாரியை நடுவழியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். கற்பூரம் ஏற்றினார், வாட்ச்மேனும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எடுத்த சாமானால் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும், அதுதான் வழக்கம். அங்கே என்ன வேலை இருக்கிறது? தன் மிஷின் நின்ற மேடைக்குப் போய்க் குந்தினார். ஒரு போல்ட்டில் மட்டும் நட்டு மிச்சமிருந்தது. அதை முடுக்கினார்.

“அத்த முடுக்கி இன்னா பண்ணப் போற நைனா?” என்றார் வாட்ச்மேன்.

“லூசா கீதுண்ணா.”

என்னை என் கம்பெனியில் விடுவதற்காக ஆட்டோவைக் கிளப்பினார். வழியில் ஒரு கேட்டில் ‘ஃபிட்டர் தேவை’ என்று போர்டு தொங்கும். தினமும் அதற்கு எதிரில்தான் நிறுத்தி ஆள் ஏற்றுவார், ஒருநாளும் தலையைத் திருப்பியதில்லை. அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டினார். “வண்டியப் பாத்துக்கோ” என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஸ்பேனரோடு உள்ளே போனார்.

எந்தக் கேட்டைக் கண்டாலும் எட்டிப் பார்க்கிறவள் நான். அந்தக் கேட்டை மட்டும் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன்.