புல்லிக்குப் பின்னால் இருந்தது

எங்கள் லொறிக்குள் ஜின் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு இந்த நாற்பது வருடத்தில் உருப்படியாக வேறொன்றையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

திகனையில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் லொறி நிற்கும். அதன் பழைய என்ஜின் சீவனை விட்டபோது, மடுல்கெல்லைப் பக்கம் மூடிப்போன ஒரு மா மில்லிலிருந்து வேறோர் என்ஜினை வாப்பா வாங்கிப் பொருத்தினார். மில்லில் அது ஒரே இடத்தில் நின்று, தோல் பட்டியால் அரைக்கும் கல்லைச் சுழற்றிக்கொண்டிருந்ததாம். எங்களிடம் வந்த நாள் முதல் அதன் முன்பக்கத்தால் எண்ணெய் ஒழுகியது. விடிந்தால் முற்றத்தில் கறுப்பாக ஒரு வட்டம் கிடக்கும். அது ஜின்னின் வேலை என்று நான் சொன்னேன். பள்ளிவாசல் லெப்பை வந்து தண்ணீரில் ஓதி ஊதித் தந்தார். வாப்பா அதை ரேடியேட்டரில் ஊற்றினார். எண்ணெய் நிற்கவில்லை, ரேடியேட்டர் மட்டும் பரிசுத்தமானது.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, பேராதனையில் ஒரு கராஜில் வேலை பார்த்தவர். ஜின்னை நம்பாதவர். அண்ணனான வாப்பாவிடம் சொன்னார்:

"நானா, இது ஜின்னும் இல்ல ஷைத்தானும் இல்ல. எண்ணெய அடைக்கிற முன் சீல் போயீக்கி. புல்லியக் கழட்டினா அஞ்சு நிமிஷ வேல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறலில் அந்த ஐந்து நிமிஷ வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. ரேடியேட்டரும் காற்றாடியும் கழன்று சாக்கின்மேல் படுத்தன. என்ஜின் தண்டின் நுனியில் கனத்த இரும்புச் சக்கரமாகப் புல்லி தெரிந்தது. சாச்சா அதன் நடு நட்டில் சாவியைப் போட்டுத் தொங்கினார். நட்டு அசையவில்லை. அதற்குப் பதிலாக முழு என்ஜினும் அவரோடு சேர்ந்து சுற்றியது. உள்ளிருந்து, தூக்கத்தில் புரட்டிப் போடப்பட்ட ஆளைப்போல, நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. சாச்சா கையை எடுத்தார். தண்டு தானாகக் கொஞ்சம் திரும்பி வந்து நின்றது.

"வால்வால காத்துப் போகுது," என்றார். குரலிலும் கொஞ்சம் காற்றுப் போயிருந்தது.

என்ஜின் சுற்றாமலிருக்க லொறியை டொப் கியரில் போட்டு, பிரேக்கை மிதிக்க என்னை ஏற்றினார்கள். "நான் செல்லாம கால எடுத்தா ஒன்ன ஜின்னுக்கே கட்டி வெச்சிருவேன் புள்ள," என்றார் சாச்சா. அரை மூட்டை அரிசி எடையுள்ள நான், ஸ்டியரிங்கில் தொங்கியபடி இரண்டு காலாலும் ஏறி நின்றேன். அவர்கள் சாவியில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி அமுக்கினார்கள். ஒவ்வோர் அமுக்கலுக்கும் லொறி என் பாதத்துக்கடியில் நடுங்கியது. மூன்றாவது அமுக்கலில் வெடிச் சத்தம்.

குசினியிலிருந்து உம்மா கத்தினார். "யா அல்லாஹ்! கை கால் ஈக்கிதா?"

"எண்ணிட்டுச் செல்றேன் மதினி!"

நட்டுத்தான் இளகியிருந்தது. மூன்று கால் புல்லரைப் போட்டு இழுத்ததும் புல்லி கழன்று வந்தது. நான் இறங்கி எட்டிப் பார்த்தேன். தண்டைச் சுற்றித் தும்புக் கயிறுபோல ஏதோ கறுப்பாக இறுகியிருந்தது.

"பாத்தீங்களா நானா! கயிறு சுத்தி சீலத் தின்டீக்கி!"

வாப்பா தண்டைப் பின்பக்கமாகச் சுற்ற, சாச்சா குறட்டால் இழுத்தார். என்ஜின் மறுபடி பெருமூச்சு விட்டது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பின்னல் வந்தது. பின்னலின் நுனியில் சிவப்பு ரிப்பன். போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது.

சாச்சாவின் கையிலிருந்து குறடு விழுந்தது.

"ரிப்பன் எனக்கா?" என்று கேட்டேன். யாரும் என்னை ஏசவில்லை. அன்றைக்கு நான் பயந்தது அதற்குத்தான்.

வாப்பா ஈரக் கல்லில் உட்கார்ந்தார்.

"மில்ல வித்தவன் ஒன்டும் செல்லல்லியா?" சாச்சா மெல்லக் கேட்டார்.

"ஏன் மூடினன்டு கேட்டேன். யாவாரம் இல்லன்டான்." வாப்பா ரிப்பனைப் பார்த்தபடி சொன்னார்: "இந்த முடிக்காரப் புள்ள உசிரோட ஈக்கா இல்லையான்டு தெரியாம நான் லொறிய ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

மறுநாள் கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்ற வேண்டும். அதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

உம்மா அந்தப் பின்னலைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். என் தலையைக் கழுவும் அதே விதமாக, சிக்கெடுத்துச் சிக்கெடுத்து. "மனிசர்ட ஒடம்புல ஈந்தது, மண்ணுக்குத்தான் போகோணும்" என்று வாப்பா வெள்ளைத் துணியில் சுற்றிப் பலா மரத்தடியில் அடக்கினார். எங்கள் வீட்டில் லொறிச் சாமானுக்கு ஜனாஸா நடந்தது என்று நான் வகுப்பில் அறிவித்தேன். டீச்சர் என்னை முன் வரிசைக்கு மாற்றினார்.

சாச்சா புது சீல் போட்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டார். லொறி குறையொன்றும் இல்லாமல், சத்தமுமில்லாமல் நின்றது. வாப்பா பஸ்ஸில் மடுல்கெல்லைக்குப் போனார். ஒரு பகல், யாரும் தொடாத என்ஜினிலிருந்து அந்தப் பெருமூச்சு கேட்டது. பல்லி என்றார் உம்மா. பல்லி பெருமூச்சு விடாது.

நான்காம் நாள் வாப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "உசிரோட ஈக்கா," என்றார். உம்மா அப்படியே உட்கார்ந்து அழுதார். லொறி ஓடப்போகும் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் மலைப்பக்கம் லோட் கிடைக்கும்போதெல்லாம் வாப்பா மடுல்கெல்லையில் ஒரு வீட்டுக்குப் போவார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் போவேன். அந்த வீட்டு அக்கா நெற்றிவரை துணியை இறுக்கிக் கட்டியிருப்பாள். "வாங்கண்ணே, பாப்பாவும் வந்திருச்சா?" என்று பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் தருவாள்.

"தலைக்குக் குளிருதா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆமா பாப்பா. எனக்கு எப்பவுமே குளிருதான்," என்று சிரித்தாள்.

வீட்டு வாசல்வரை நல்ல பாதை இருந்தது. ஆனால் வாப்பா கால் மைலுக்கு முன்னால், வளைவுக்கு அப்பாலேயே, சத்தம் அந்த வீட்டை எட்டுமுன் என்ஜினை நிறுத்திவிட்டு, அரிசி மூட்டையைத் தோளில் போட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்க நடப்பார்.

"லொறியிலேயே போக ஏலுமே வாப்பா?"

"அங்க திருப்ப ஏலா மகள்."

அந்த முற்றத்தில் இரண்டு லொறி திரும்பலாம். நான் காலடி வைத்து அளந்தே பார்த்தேன். வாப்பாவுக்கு லொறி திருப்பத் தெரியாது என்று முடிவு கட்டினேன். அவருடைய மானம் போகக்கூடாதென்று, பல வருடங்கள் அதை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றினேன்.