ஒரே நோட்டைப் பார்த்துப் பாடினோம்

மாலை நான்கு மணி வாக்கில் காய்ச்சல் வரும். பெரிய காய்ச்சல் இல்லை. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஐந்து மணி வகுப்புப் பெண்கள் வரும்போது கண் எரியும், முதுகு சில்லென்றிருக்கும். காலையில் ஒன்றும் இருக்காது. காலையில் இல்லாத ஒன்றை நோய் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது.

பிறகு இருமல் வந்தது. இருமல் மருந்து இரண்டு பாட்டில் தீர்ந்தது. ரவிக்கைகள் தொளதொளத்தன. கல்யாணம் தள்ளிப்போகிற கவலை என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடப் போவேன். அடுத்த தெருவில் இருந்த கமலா, ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், என் வயதுக்காரி. சங்கீதம் படிக்காதவர்களும் சேர்ந்து பாடலாம் என்று சொல்லி, ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, எங்களுக்குப் பயிற்சி தந்தாள். லேத் ஓட்டுகிறவர், தபால்காரர், வீட்டுப் பெண்கள் என்று பதினான்கு பேர். நூலக விழா, காலனிப் பொங்கல் விழா என்று கூப்பிட்ட இடத்தில் பாடுவோம். ரோட்டில் லாரிச் சத்தம் அதிகம். ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் பயிற்சி.

என் பக்கத்தில் நிற்பவள் ஷம்ஷாத். பூந்தமல்லியில் அவள் கணவருக்குத் தையல் கடை. இரண்டு வயது மகள் நூரியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வருவாள். எங்கள் இருவருக்கும் ஒரே நோட்டு, அவள் கையெழுத்தில். கன்னத்தோடு கன்னம் இடிக்க அதைப் பார்த்துப் பாடுவோம். அவளுக்குக் கை வலித்தால் நூரியை நான் இடுப்பில் வாங்கிக்கொள்வேன். இருமல் வராமல் இருக்க வாயில் ஒரு துண்டு அதிமதுரத்தை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டே பாடியிருக்கிறேன்.

ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. அண்ணன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று நாள் சளி கொடுத்தேன். டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டி.பி. சளியில கிருமி இருக்கு. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது. மொதல் ரெண்டு மாசம் தினம் ஊசி. வீட்ல யார் யாரு?"

"அம்மா, அண்ணன்."

"அவங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கணும். வேற யார்கூடவாவது மூடின ரூம்ல ரொம்ப நேரம் இருப்பீங்களா?"

"பாட்டு கிளாஸ்ல, டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சத்தமா பாடுவீங்களா?"

"ஆமா."

"அவங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க. கொழந்தைங்க இருந்தா மொதல்ல அவங்கள."

தலையாட்டினேன். வெளியே வந்து அண்ணனுடைய சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். பயம், அழுகை எதுவும் வரவில்லை. வழியில் ஒரு கடையில் தொங்கிய சோப்பு டப்பாக்களை எண்ணியது நினைவிருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் சொன்னான். "யார் கேட்டாலும் டைஃபாய்டுன்னு சொல்லு ரோஸி. டி.பி.ன்னு ஒரு தடவ வெளிய போச்சுன்னா ஒருத்தன் பொண்ணு பாக்க வரமாட்டான்."

அவன் கெட்டவன் இல்லை. இரண்டு மாதமும் தினம் என்னை ஊசிக்கு அழைத்துப்போனவன் அவன்தான். நான் மறுத்துப் பேசவில்லை. கமலாவுக்கு டைஃபாய்டு என்று சொல்லியனுப்பினோம்.

ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்ட கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். டம்ளர் வாயில் பட்டதா என்று தெரியாமல் தண்ணீர் ரவிக்கையில் வழியும். எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது. யாரிடமும் பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஷம்ஷாத் என்னைப் பார்க்க வந்தாள். குரல் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். முன்னறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நூரி இருமியது கதவு வழியாகக் கேட்டது. எல்லாக் குழந்தைக்கும் வருகிற சளி இருமலாகவும் இருக்கலாம். வாங்கிவந்த சாத்துக்குடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் நான்கு நாள் கழித்துத்தான் கிளம்பினேன். நோய் தெரிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஆவடி போய், பஸ் மாறி, பூந்தமல்லியில் இறங்கினேன். கடையில் ஷம்ஷாத் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"எனக்கு டைஃபாய்டு இல்ல ஷம்ஷாத். டி.பி. உனக்கும் நூரிக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். "இன்னாக்கா சொல்ற? எப்போலேர்ந்து தெரியும்?"

"பத்தொம்பது நாளா."

"நான் உன்ன பாக்க வந்தேனே. அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"புள்ளைய இட்டுகினு வந்தேன்."

சட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாம்ல."

என்னைப் பார்த்ததும் நூரி ஓடிவந்தது. ஷம்ஷாத் அதன் கவுனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். குழந்தை அங்கேயே நின்று என்னைப் பார்த்தது.

அங்கிருந்து நேரே கமலா வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மற்ற எல்லாரையும் அவளே மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். யாருக்கும் நோய் இல்லை. ஷம்ஷாத்துக்கும் இல்லை. நூரிக்கு மட்டும் கையில் பரிசோதனை ஊசி போட்ட இடம் வீங்கியது. பிரைமரி காம்ப்ளெக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலைக் காசநோய், பெரும்பாலும் பிறருக்குப் பரவாது) என்றார்கள். ஒன்பது மாதம் மருந்து.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். நான் உடனே சொல்லியிருந்தால் குழந்தை தப்பியிருக்குமா?

"உங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி தொத்தியிருக்கும். ஆனா பத்தொம்பது நாள் முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்," என்றார். அதில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பை நிறைய மாத்திரையோடும் ஒரு பொய்யோடும் உட்கார்ந்திருக்கிற யாராவது இதைப் படித்தால், போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னால் மனம் லேசாகும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு ஆகவில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசையில் ஷம்ஷாத்தைப் பார்த்தேன். எனக்கு நாலைந்து பேர் முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் இடத்தை விட்டு என்னிடம் வந்தாள்.

"இந்த மருந்து குடிச்சா புள்ளைக்கு ஒண்ணுக்கு ரத்தமாட்டம் போவுதுக்கா. பயந்துகினு ரெண்டு நாளா நிறுத்தி வெச்சிருக்கேன்."

"ரத்தம் இல்ல. மருந்தோட கலரு. எனக்கும் அப்படித்தான் போகுது. கண்ணீர்கூட ஆரஞ்சா வரும்னு சொன்னாங்க."

"வந்துச்சா?"

"நான் அழல."

அவள் என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நிறுத்தாத ஷம்ஷாத். இன்னிக்கே குடு."

"சரி," என்றாள். அவள் விட்டுவந்த இடத்தில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள். அதன்பிறகு மாதாமாதம் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைத்தோம். மருந்தைப் பற்றி மட்டும் பேசினோம். நூரி எடை ஏறியது. ஒன்பது மாதம் முடிந்தது. பிறகு பள்ளிக்கூடம் போனது. ஷம்ஷாத் பாட வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

என் சளி சுத்தமானது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. இனி தொற்றாது என்று எழுதிக் கொடுத்த தாளைக் கமலாவிடம் காட்டினேன். அவள் அதை வாங்கிப் படிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வா," என்றாள்.

போனேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. லாரி போகும்போது பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்கள். ஒரு நீண்ட வரிக்குக் கமலா விரல் விட்டு எண்ணினாள். பதினாறு எண்ணிக்கை. எனக்குப் பத்திலேயே மூச்சு முடிந்துவிட்டது.

"இழுத்துப் பிடிக்காத ரோஸி. பத்துல நிறுத்திடு. அடுத்த வரியில சேர்ந்துக்கோ. நாங்க பாத்துக்கறோம்."

அடுத்த பொங்கலுக்கு அயனம்பாக்கத்தில் ஒரு காலனி மேடையில் பாடினோம். கல்யாணம், குழந்தை என்று எத்தனையோ ஆன பிறகும் பாடிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பத்து இதுவரை பதினொன்று ஆகவில்லை. பத்து வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது, பாட்டு போய்க்கொண்டிருக்கும். மீதி ஆறு எண்ணிக்கைக்கு என் விலா எலும்புகள் மெதுவாக விரிந்து அடங்குவதை நின்று கவனிக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு அவை இருப்பதே தெரியாது. ஆறு முடிந்ததும் பாடத் தொடங்குகிறேன்.