கார்டுக்குச் சொந்தக்காரி

விமான நிலையத்தில், வாடகைக் கார் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் கறார் அக்கா. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது, ஆனாலும் கோபப்பட்டதில்லை. விடுமுறைக்கு வந்திறங்குகிறவர்கள் குழந்தை குட்டிகளோடு அவள் முன்னால் நின்று கெஞ்சுவார்கள். அவள் அசைய மாட்டாள். கிரெடிட் கார்டுதான் வேண்டும், டெபிட் கார்டு ஆகாது. வண்டி ஓட்டுகிறவர் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும். வேறொருவர் கார்டு என்றால் அவரே நேரில் வந்து ரகசிய எண்ணை அழுத்திக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி திரும்பி வரும்வரை அந்தக் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள்.

"நாளைக்கு ஒரு கீறல் விழுந்தா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?" என்பாள்.

அவள் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். "சொர்க்கத்து வாசல்ல உன்னை உக்கார வெச்சா ஒரு ஈ காக்கா உள்ள போகாது" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் ஒரு மனிதர் தனியாக வந்தார். ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். ஓட்டுநர் உரிமம் அவருடையது. நீட்டிய கார்டில் இருந்ததோ ஒரு பெண்ணின் பெயர்.

"இது என் வீட்டுக்காரி கார்டு. போன வருஷமே இந்தப் பயணத்துக்கு எல்லாத்தையும் அவதான் இதுல பதிவு பண்ணி வெச்சா."

"அப்படின்னா அவங்க வரணும் சார்."

"அவ வர மாட்டா."

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டாள் கறார் அக்கா. "அப்ப உங்க பேர்ல கிரெடிட் கார்டு ஏதாவது?"

அவரிடம் டெபிட் கார்டு மட்டுமே இருந்தது. அண்ணனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கார்டும் மனைவியின் அடையாள அட்டையும் இருந்த சின்னப் பை மேசையிலேயே கிடந்தது.

அவள் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சைச் சேலை. தலைமுடி நனைந்திருக்கவில்லை.

"அது என் கார்டும்மா. வந்துட்டேன்."

கறார் அக்கா வழக்கம்போல அடையாள அட்டையை எடுத்து, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். அதே முகம், அதே இடது புருவத் தழும்பு. கருவியை நீட்டினாள். அந்தப் பெண் தயங்காமல் எண்களை அழுத்தினாள். ஏற்றுக்கொண்டதாகச் சீட்டு வெளியே வந்தது. கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பித் தரும்போது விரல் பட்டது. ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது.

"மலைப்பாதையில ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்க. மூடிட்டா எனக்குக் குமட்டும்."

சீட்டைக் கோப்பில் வைக்கக் குனிந்தாள் கறார் அக்கா. நிமிர்ந்தபோது எதிரே யாரும் இல்லை. ஆள் அருகே போனால் தானே திறந்துகொள்ளும் வாசல் கதவு மூடியே இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். அண்ணன் போனை எடுக்கவில்லை.

"பரவாயில்ல சார். உங்க வீட்டம்மா வந்து எல்லாம் முடிச்சுட்டாங்க. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாங்க."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என்ன சேலை கட்டியிருந்தா?"

"பச்சை."

"அதைத்தான் கட்டிவிட்டு அனுப்பினோம்" என்றார் அவர். "ஆறு மாசம் ஆச்சும்மா. இன்னும் பேங்க்ல சொல்லல. சொல்லிட்டா கார்டை நிறுத்திடுவாங்க. அவ பேர் போட்டு வீட்டுக்கு வர்ற தபால் அந்தக் கார்டு பில் ஒண்ணுதான்."

கறார் அக்கா கோப்பிலிருந்து சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கார்டோட ரகசிய நம்பர் எனக்கே தெரியாதே" என்றார் அவர். "கையெழுத்து அவளோடதுதான்." அதை விரலால் தடவியபடி, "என் கண்ணுல ஒரு தடவைகூடப் படலையே. மெலிஞ்சு தெரிஞ்சாளா?"

"இல்ல சார். நல்லா இருந்தாங்க." விரலின் குளிர்ச்சியைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

இறந்தவர் கார்டில் வண்டி கொடுக்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் சீட்டு கண்ணெதிரே கிடந்தது. சாவியை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் கேலி எதுவும் செய்யவில்லை. எழுந்து போய்க் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் வண்டி திரும்பி வந்தது. அவர் முகம் வெயிலில் கறுத்து, தெளிந்திருந்தது. முடக்கிய தொகை எப்போது விடுபடும் என்று கேட்டார். சில நாளில் என்றாள்.

"அதுக்கப்புறம் பேங்க்ல போய்ச் சொல்லிடுறேன்" என்றார்.

இருவரும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். கீறல் எதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் பெல்ட் காலி இடத்தைச் சுற்றி மாட்டியிருந்தது.

"கிளம்பினதுல இருந்து இந்தப் பெல்ட்டை மாட்டச் சொல்லி மணி கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. மாட்டின பிறகுதான் அடங்குச்சு" என்றார் அவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்தால்தான் அந்த மணி கத்தும். பழுது என்று எழுதப் போனவள், எழுதவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கழுவும் இடத்துக்கு ஓட்டிப் போக ஏறி உட்கார்ந்தாள். தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பியதும் மணி அடிக்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் கொஞ்ச நேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையை நீட்டி, பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது.

"கொஞ்ச தூரம்தாம்மா" என்று சொல்லி, ஜன்னலை இறக்கிவிட்டு, மெதுவாக வண்டியை நகர்த்தினாள்.