குழி வைத்துத் தைத்த சும்மாடு

மரக்காணம் உப்பளத்தில் என் வேலை, வாரிக் குவித்த உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவது. தலைக்கும் கூடைக்கும் நடுவே, பழைய புடவையை மடித்துத் தைத்த சும்மாடு இருக்கும்.

2004 சீசனில் உச்சிக்கு வலப்பக்கம் ஏதோ உறுத்தியது. தொட்டுப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. கெட்டியாக இருந்தது, வலி இல்லை. உப்பில் நின்று நின்று எங்கள் கால் காய்த்துப் போகிறதே, அதுபோல் சுமக்கிற தலையும் காய்த்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். வைத்தியமும் நானே செய்தேன். சும்மாட்டில் அந்த மேடு உட்காருகிற இடத்தைக் கத்தரித்துக் குழி வைத்துத் தைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமை.

சுனாமிக்கு அடுத்த சீசனில் அந்தக் குழி போதவில்லை. வேறு சும்மாடு தைத்தேன். 2006இல் மூன்றாவது. யாரிடமும் மூச்சு விடவில்லை. செத்துப்போவேன் என்ற பயமெல்லாம் இல்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் கூடையைப் பிடுங்கிவிடுவார், கூடையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. அதுதான் பயம்.

நானும் தங்கச்சியும் ஜோடி. அவள் எனக்குக் கூடை தூக்கிவிடுவாள். நான் கொட்டிவிட்டு வந்து அவளுக்குத் தூக்கிவிடுவேன். ஒரு நாள் கடல்காற்றில் சும்மாடு பறந்தது. எடுத்து என் தலையில் வைக்க வந்தவள் கை மேட்டில் பட்டு அப்படியே நின்றது.

"இன்னாக்கா இது, கல்லு மாரி கீது? இத்தினி நாளா இத மறைச்சா வச்சிருந்த?"

மறுநாளே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா, "எவ்ளோ நாளா இருக்குது? வேகமா வளர்ந்துச்சா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சும்மாட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மூணையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

எடுத்துப் போனேன். மூன்று குழியையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்.

"மெதுவாத்தான் வளர்ந்திருக்குது, நல்லதுதான். ஸ்கேன்லயும் கேன்சர் மாதிரி தெரியல. மண்டை எலும்புக்குள்ள ரத்தக்குழாய்ங்க சேர்ந்து வளர்ற கட்டி. அபூர்வமா வர்றது. எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

"கூடை தூக்குனதால வந்துச்சாம்மா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கட்டியோடு அந்த எலும்புத் துண்டையும் சுற்றிக் கொஞ்சம் விட்டு வெட்டி எடுத்தார்கள். அந்த இடத்தை எலும்புக்கென்று இருக்கிற சிமென்ட் வைத்து அடைத்தார்கள். டெஸ்டிலும் அவர் சொன்னதேதான் வந்தது. தங்கச்சி வராண்டா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். நான் அழவில்லை, டாக்டரம்மாவிடம் கேட்க ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"எப்பம்மா கூடை தூக்கலாம்?"

"தலையில இனிமே சுமையே வேணாம்மா."

அப்போதுதான் அழுதேன். பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் கூடைக்காக அழுகிறாளே என்று நர்ஸ் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மேஸ்திரி நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. தையல் ஆறிப் போனதும், மற்றவர்களுக்குக் கூடை தூக்கிவிடுகிற வேலையில் நிறுத்தினார். வரிசையில் முதல் ஆள் தங்கச்சிதான். சுமையால் வருவதில்லை என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் முதல் கூடையைத் தூக்கும் முன் அவள் சும்மாட்டை எடுத்துவிட்டுத் தலை முழுக்கத் தடவிப் பார்ப்பேன்.

"ஒண்ணும் இல்லக்கா, தூக்கு" என்பாள்.

இன்னொரு தடவை தடவிவிட்டுத்தான் தூக்குவேன்.