பதினேழாம் அடிக்குறிப்பு

அந்த உருண்டையை நான் தொட்டுப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். திருப்பூர் நல்லூரில் அக்கா வீட்டுச் சமையலறையை ஒட்டிய சந்தில், பனியன் வேஸ்ட் துணியால் சுற்றி, ஒரு பழைய பிளாஸ்டிக் அண்டாவுக்குள் அதை உட்கார வைத்திருந்தார்கள். மாமா, அதாவது என் அக்காவின் கணவர், துணியை ஒவ்வொரு மடிப்பாக விலக்கினார். பெரிய இட்லிக் குண்டா அளவு இருக்கும். கருகிப்போயிருந்தது. ஒரு பக்கம் மட்டும் தோல் உரிந்து, உள்ளே மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருப்பது தெரிந்தது. மாமா அதை விரலால் தடவிக்கொண்டே, "பாரு அம்மிணி, நூல் சுத்தியிருக்குது. நம்ம நூல் கோன் சுத்தற மாதிரியேதான் சுத்தியிருக்கறாங்க" என்றார். பிறகு கழுத்துப் பகுதியிலிருந்த உலோக வளையத்தைக் காட்டினார். "இங்க பாரு, நம்பர் அடிச்சிருக்குது." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கூரை பிய்ந்து, மெஷின் நொறுங்கிக் கிடக்கும்போது இந்த மனிதர் எதற்காகச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நடந்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட்டில் நான்கு நிட்டிங் மெஷின்கள் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு மாமா துணி ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷின்கள் ஓடாது. அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, வானத்திலிருந்து விழுந்த ஏதோ ஒன்று கூரையை உடைத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் மெஷினின் மேல் இறங்கியது. மறுநாளாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றிருப்பார். எங்கேயோ ஒரு நாடு அனுப்பிய ராக்கெட்டின் மிச்சம் அது, எரிவாயு அடைத்த தொட்டி. அப்போது நான் வெளிமாநிலத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தில் விண்வெளிச் சட்டம் நடத்தும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அது என்ன படிப்பு என்றே விளங்கியதில்லை. "நெலாவுல எடம் வாங்கறவிங்களுக்குப் பத்திரம் எழுதிக் குடுப்பியா?" என்று மாமாதான் கிண்டல் செய்வார். அன்றைக்கு சாயங்காலம் அவரே போன் செய்தார். "அம்மிணி, உன்ற சப்ஜெக்டு நம்மூட்டு மேலயே வந்து உழுந்துருச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருடைய சந்தோஷத்துக்குக் காரணம் அந்த நம்பர் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நிட்டிங்கில் துணி ஒரு ரோலாக இறங்கியதும், அதன் ஓரத்தில் மார்க்கரால் மெஷின் நம்பரையும் ஷிப்டையும் எழுதிவிடுவார்கள். அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போய், எங்காவது ஓட்டை தெரிந்தால் போன் வரும். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "நம்பர் என்னங்க?" அவர்கள் சொன்னதும், "நம்மளுதுதானுங்க, வண்டி அனுப்பறனுங்க" என்பார். சில பேர் எழுத்து அழிந்துவிட்டது, எங்கள் மெஷினில் அப்படி வராது என்றெல்லாம் இழுப்பார்கள். மாமா ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. நம்பர் இருந்தால் ஆள் இருக்கிறார், ஆள் இருந்தால் ஒப்புக்கொள்வார் என்பது அவருக்கு அவ்வளவு சாதாரணமான விஷயம். ஒரு ரோல் துணிக்கே அப்படியென்றால் ராக்கெட் விடுகிற நாட்டுக்குச் சொல்லவா வேண்டும் என்று நினைத்தார்.

ஆனால் ஊர் வாய் வேறு மாதிரி இருந்தது. அந்த வாரம் ஒரு பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டிய துணி ஏற்கெனவே தாமதமாகியிருந்தது. அதைச் சமாளிக்க இவரே கூரையை உடைத்துவிட்டு வானத்தின் மேல் பழி போடுகிறார் என்று அந்தப் பார்ட்டியின் மேனேஜர் யாரிடமோ சொல்ல, அது நாலு பேர் வாய்க்குள் புகுந்து புறப்பட்டது. டீக்கடையில், "வாங்க ராக்கெட்டுக்காரரே" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பார்ட்டி வேலை கொடுப்பதை நிறுத்தியது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்தினார்கள். மாமாவுக்கு மெஷின் போனதைவிட இதுதான் பெரிய அடி. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சொல்லும் ஓட்டையைக்கூட நம்மளுதுதான் என்று ஏற்றுக்கொண்டவரை ஊர் பொய்யன் என்றது. அவர் என்னிடம் கேட்டது நஷ்ட ஈடு அல்ல. "அவிங்க ஒரு வார்த்தை சொல்லட்டும் அம்மிணி, எங்களுதுதான்னு. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கட்டும். அது போதும்."

நான் சட்டம் சொன்னேன். ஒரு நாடு வானில் ஏவிய பொருள் பூமியில் விழுந்து சேதம் செய்தால் அந்த நாடு பொறுப்பேற்றே தீர வேண்டும், அதற்கு உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தமே இருக்கிறது என்றேன். ஆனால் பாதிக்கப்பட்டவர் நேரடியாகக் கேட்க முடியாது. அவருக்காக அவருடைய அரசாங்கம்தான் கேட்க வேண்டும். பொருள் யாருடையது என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். விழுந்த பொருளையும் நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். "குடுத்துட்டா நம்மகிட்ட அத்தாட்சி என்ன இருக்கும்?" என்று அக்கா கேட்டாள். "நான் இருக்கறேன்லக்கா" என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள். மாமா மறுபேச்சில்லாமல் உருண்டையைக் கொடுத்துவிட்டார். 'ஓர் உலோகப் பொருள் பெறப்பட்டது' என்று ஒரு சீட்டு தந்தார்கள்.

டெல்லிக்கு அனுப்ப வேண்டிய மனுவை நானே எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன். எழுதவும் ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி வந்து மறித்தது. அந்த வாரம் வானில் சிதறியதாகச் செய்தி வந்த ராக்கெட்டை ஏவியது ஒரு தனியார் நிறுவனம், நிறுவனம் ஒரு நாட்டைச் சேர்ந்தது, ஏவியது இன்னொரு நாட்டின் மண்ணிலிருந்து. அப்படியானால் பொறுப்பு எந்த நாட்டுக்கு? என் துறையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். மனு கிடந்த இடத்தில் கிடந்தது, கேள்வி வளர்ந்து நாற்பது பக்கக் கட்டுரையானது. உருண்டை விழுந்த நாளையும் அதன் பாதையையும் அந்த நம்பரையும் ஒரு பொறியாளர் நண்பரின் உதவியோடு ஒப்பிட்டு, அது எந்த நாட்டினுடையது என்று கண்டுபிடித்தேன். அதைப் பதினேழாம் அடிக்குறிப்பில் போட்டேன். 'திருப்பூரில் ஒரு சிறு பின்னல் கூடத்தின் மேல் விழுந்த இப்பொருள் ஐயத்துக்கு இடமின்றி இன்ன நாட்டுக்குரியது.' மாமாவிடம் இதை உடனே சொல்லியிருக்கலாம். மனுவையும் அனுப்பிவிட்டு ஒன்றாகச் சொன்னால் பெரிதாக இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். கட்டுரை வெளிவந்தது.

அந்தக் கட்டுரைதான் என்னை ஆளாக்கியது. அதில் ஓர் இடத்தில் முதலீட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டிருந்தேன். வெளிநாட்டில் பணம் போட்ட கம்பெனி, அந்நாட்டு அரசாங்கத்தால் நஷ்டப்பட்டால், அரசாங்கத்தையே நேரடியாக நடுவர் மன்றத்துக்கு இழுக்க ஒப்பந்தங்கள் வழி வைத்திருக்கின்றன. தலைமேல் தொட்டி விழுந்த மனிதருக்கு அந்த வழி இல்லை. இந்த அநியாயத்தைச் சூடாக எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சட்ட நிறுவனம் என்னை அழைத்தது, அநியாயத்தைச் சரிசெய்ய அல்ல, செயற்கைக்கோள் கம்பெனி ஒன்று ஓர் அரசின் மேல் போட்ட வழக்கில் கம்பெனிக்கு ஆதரவாகக் கருத்துரை எழுத. நான் போனேன். கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே கொடுத்தேன். நடுவில் மாமா போன் செய்வார். "பரபரப்பா இருக்கறயாட்ட இருக்குது, செரி, அப்புறம் கூப்புடறேன்" என்று அவரே வைத்துவிடுவார். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போது உடம்பு கூசுகிறது.

மனுவை நான் டெல்லிக்கு அனுப்பியபோது, கட்டுரை வெளிவந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. யாருடையது என்று இன்னும் அதிகாரபூர்வமாகத் தெரியவில்லையே, வருடக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். டெல்லி அதை அந்த நாட்டுக்கு அனுப்ப, ஐந்து மாதத்தில் அவர்களிடமிருந்து பதில் வந்தது. கோரிக்கை காலம் கடந்தது என்றார்கள். பொருளுக்குரிய நாடு எது என்பது குறிப்பிட்ட ஆய்விதழில் வெளியான கட்டுரையின் மூலம் அனைவரும் அறியக்கூடிய நிலையில் இருந்தது என்று காரணம் காட்டி, கீழே கட்டுரையின் தலைப்பையும் பக்க எண்ணையும் பதினேழாம் அடிக்குறிப்பையும் கொடுத்திருந்தார்கள். எழுதியவரும் மனு அனுப்பியவரும் ஒரே ஆள் என்பதை அவர்கள் கவனித்தார்களா, தெரியாது. அவர்கள் எழுதியதில் தப்பு சொல்ல ஒரு வரி இல்லை. நான் மாணவர்களுக்கு நடத்தும் சட்டம்தான் அது.

கடிதத்தோடு நல்லூர் போனேன். மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் வாசித்து அர்த்தம் சொன்னேன், அந்த ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டு. அவர் ஏதோ பிடி கிடைத்தவராகக் கேட்டார். "எங்களுது இல்லைன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கறாங்களா?"

"இல்லீங்க மாமா. நேரம் போயிருச்சுன்னு மட்டுந்தான்."

"அப்ப அது அவிங்களுதுதான்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே? லேட்டா சொன்னீங்கன்னுதானே சொல்றாங்க. ஓட்டை எங்களுது இல்லீங்கன்னு சொல்லலையே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே எழுந்து டீக்கடைக்குப் போயிருப்பார். என் வாயில் வாத்தியார்தான் உட்கார்ந்திருந்தார். "அப்படி அர்த்தம் எடுத்துக்க முடியாதுங்க மாமா. சட்டப்படி அவங்க எதையும் ஒத்துக்கலை" என்றேன். மாமா தலையை ஆட்டினார். "செரி அம்மிணி. நீ பாவம், எவ்வளவு பாடுபட்ட. சாப்பிட்டுப் போ" என்றார். என் பைக்குள் அந்த ஆய்விதழ் இருந்தது. அவர் கேட்ட வார்த்தை, பேப்பரில், அச்சில், என் கை எழுதியதாக, அதற்குள் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். காட்டினால் அட்டையில் இருக்கும் தேதியையும் பார்ப்பார். இரண்டு வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று அவர் கேட்கமாட்டார். கேட்காமல் என்னைப் பார்ப்பாரே, அதற்குத்தான் பயந்தேன். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக மாமா இருந்தார். மிச்ச மெஷின்களும் போய்விட்டன. ஒரு கம்பெனியில் துணி செக்கிங் வேலைக்குப் போய்வந்தார். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. ஒரு காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. ஆனால் என்னை விட்டு எங்கும் போகவில்லை. வகுப்பில் 'ஒரு வருடத்துக்குள்' என்ற விதியை விளக்கும்போது கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறார். வெளியூர் நடுவர் மன்றங்களில், கோட்டு போட்டவர்கள் பொறுப்பு எங்களுடையது அல்ல என்று பக்கம் பக்கமாக வாதாடும்போது, "நம்பர் என்னங்க?" என்று காதருகே கேட்கிறார். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. பேயாக இருந்தால்கூட எதையாவது கேட்டுத் தொலைக்கும், கொடுத்துவிடலாம். இவர் இப்போதும் என்னை நம்பிக்கொண்டேதான் நிற்கிறார்.

போன மாதம் அந்தக் கட்டுரையை ஒரு தொகுப்பு நூலில் சேர்க்க அனுமதி கேட்டுப் பதிப்பாளர் எழுதியிருந்தார். இந்தத் துறையில் வழிகாட்டியான கட்டுரை என்று பாராட்டு வேறு. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. ஆய்விதழை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போனேன். அக்கா வாசல் அறையில் உட்கார்ந்து பனியன்களின் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், அங்கே இருந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம், "எந்தங்கச்சி, இவதான் டெல்லி வரைக்கும் எங்களுக்காக எழுதிப் போட்டவ" என்று பெருமையாக அறிமுகம் செய்தாள். அந்த அம்மாள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பதினேழாம் அடிக்குறிப்பைத் தமிழில் வாசித்தேன்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "மறுக்காப் படி" என்றாள். மறுபடி வாசித்தேன். அவள் உதட்டை அசைத்து அந்த நாட்டின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். கண் கலங்கியது, முகமும் மலர்ந்தது. "அப்ப நெசந்தான்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குதா? உங்க மாமா மேல இருந்த பழி போயிருச்சு கண்ணு" என்றாள். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். இந்தத் தடவை எழவில்லை. "அட்டையப் பாருக்கா" என்றேன்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். வருடத்தை வாசிக்க அவளுக்குத் தெரியும். அதிலிருந்து மாமா இறந்த வருடம் வரை விரல் விட்டு எண்ணினாள். ஒரு தரம் எண்ணிவிட்டு, நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள்.

"நாலு வருசம்" என்றாள். "நாலு வருசம் டீக்கடைப் பக்கமே போகாம, இந்த ஊட்டுக்குள்ளயே ஒக்காந்திருந்தாங்களே, கண்ணு."

"ஆமாக்கா" என்றேன்.