சோலாருக்குப் போட்ட சந்தனம்

மலேசியாவில், கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு, எண்பதுகளில், மின்கம்பி வருவதற்கு முன்பே சோலார் வந்துவிட்டது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நான்கு இரும்புக் கால்கள்; அவற்றின்மேல் வெயிலை வாங்க ஒரு கண்ணாடித் தகடு. வகுப்புக்குள் பேட்டரியும் ஒரு கறுப்பு வெள்ளை டிவியும். வாரம் ஒரு தமிழ்ப்படம். தோட்டமே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடும்.

பள்ளியைக் கூட்டிப் பெருக்கிக் காவல் பார்த்த என் தாய்மாமாதான் அதற்குப் பொறுப்பு. அதுவரை அவரை யாரும் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. இப்போது கங்காணியே வழியில் நிறுத்தி, "என்ன தம்பி, இன்னைக்குப் படம் இருக்குல்ல?" என்று கேட்டார். அப்புறம் மாமாவைக் கையில் பிடிக்க முடியுமா?

ஆயுத பூசை வந்தது. பால்வெட்டும் கத்திக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிற ஊரில் சோலாரை மட்டும் விடுவாரா? கண்ணாடி முழுக்க விபூதிப் பட்டை, நடுவில் அப்பிய சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அந்த வாரம் கதாநாயகன் வில்லன் வீட்டுக் கதவை உதைத்த நேரம் பார்த்துப் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஐயோ, என்ன கூச்சல்! "பாதிப் படம் காட்டத்தான் இவ்வளவு பந்தாவா?" என்றார் கங்காணி. மாமாவின் முகம் செத்துப்போனது.

"கண்ணு பட்டுருச்சுக்கா," என்று அம்மாவிடம் புலம்பியவர், மறுநாளே இன்னொரு பூசை போட்டார். சந்தனம் இன்னும் கெட்டி. அடுத்த வாரம் பெயர் போடும்போதே டிவி படுத்துவிட்டது.

தலைமையாசிரியர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு தகட்டருகே போனார். குங்குமத்தைப் பார்த்தார். பக்கத்தில் கைகூப்பி நின்ற மாமாவைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டார். அதன்பின் தினமும் வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழை வருமா பிள்ளைங்களா?" என்று எங்களைக் கேட்க ஆரம்பித்தார். மழை வந்தால் பால்வெட்டு நின்றுபோகும், அம்மாவுக்குச் சம்பளம் கிடைக்காது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"வெயில் கேக்க வேண்டிய மனுசன் மழை கேக்குறாரு. சரியில்லலா," என்றார் மாமா.

ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. சந்தனமெல்லாம் வழிந்து புல்லுக்குப் போனது. பிறகு நல்ல வெயில். அந்த வாரப் படம் வணக்கம் போடும்வரை ஓடியது. கங்காணி மாமாவின் தோளில் தட்டினார்.

"பாத்தீங்களா சார், பூசை பலிச்சிருச்சு!" என்றார் மாமா தலைமையாசிரியரிடம்.

"ஆமா தம்பி," என்றார் தலைமையாசிரியர். "இனிமே சந்தனத்தை அதோட காலுல மட்டும் வைங்க. பெரியவங்கள காலத் தொட்டுத்தானே கும்பிடுறோம்?"

மாமா யோசித்துப் பார்த்து, சரியென்று தலையாட்டினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பொட்டு என்றால் முகத்தில்தான் வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாத மனிதர். பாவம், வேதக்காரர், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று வீடு வந்து சேரும்வரை அவருக்காக வருத்தப்பட்டேன்.